முதியோருக்கான ஆரம்ப மருத்துவம்: தொண்டாமுத்தூர் வட்டாரம்

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, அவர்கள் வாழும் ஊரிலேயே, அவர்களை முன்பே அறிந்த மருத்துவக் குழு ஒன்று தொடர்ந்து தரும் முதல்நிலைக் கவனிப்பே முதியோருக்கான ஆரம்ப மருத்துவம். காய்ச்சலுக்கு மருந்து தருவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் இதில் அடங்கும். ஆனால் இதன் உயிர்நாடி வேறு. முதியவர் தாமாக எழுந்து நடக்கிறாரா, வயிறாரச் சாப்பிடுகிறாரா, கண்ணும் காதும் ஒத்துழைக்கின்றனவா, நினைவு தெளிவாக இருக்கிறதா, விழுங்கும் மாத்திரைகள் ஒன்றுக்கொன்று பகையாகாமல் இருக்கின்றனவா, வீட்டில் பேச ஆள் உண்டா என்பவற்றை ஆண்டுதோறும் பார்த்துக் குறித்துவைத்து, சரிவு தொடங்கும்போதே தாங்கிப் பிடிப்பதுதான் இதன் பணி. இந்தக் கட்டுரை கோயம்புத்தூர் மாவட்டம் தொண்டாமுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து அதை விளக்குகிறது.

வட்டாரமும் அதன் முதியவர்களும்

தொண்டாமுத்தூர், பேரூர் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. கோயம்புத்தூர் நகருக்கு மேற்கே 15 கிலோமீட்டருக்குச் சற்று மேலான தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நொய்யல் ஆறு இறங்கிவரும் போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆலாந்துறை, பூலுவப்பட்டி, நரசீபுரம், தேவராயபுரம், மாதம்பட்டி, இக்கரை போளுவாம்பட்டி ஆகியவை சுற்றியுள்ள ஊர்கள். தென்னை, பாக்கு, வாழை, சின்ன வெங்காயம், மஞ்சள், தக்காளி எனத் தோட்ட வேளாண்மை செழித்த மண் இது.

இங்கே முதுமை மூன்று விதமாக வாழப்படுகிறது. முதலாவது, சாளை எனப்படும் தோட்டத்து வீடுகளில் வாழும் விவசாயக் குடும்பங்களின் முதுமை. கொங்கில் ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நெடுங்காலமாகவே உண்டு. அந்தப் பிள்ளை படித்து, கோவையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போய்விட, அப்பாரும் ஆத்தாவும் மட்டும் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறார்கள். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. இரண்டாவது, கூலிக்கு வெங்காயம் அறுத்தும் களை எடுத்தும் வாழ்ந்து, உடல் தளர்ந்த பிறகும் வேலையை விட முடியாத நிலமற்றோரின் முதுமை. பதிகள் எனப்படும் அடிவாரத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் வாழும் முதியோரின் நிலை இதைவிடக் கடினமானது. மூன்றாவது, அண்மை ஆண்டுகளில் கோவையின் மேற்குப் புறத்தில் எழுந்துள்ள ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் காசு கொடுத்து வாங்கப்படும் முதுமை. அங்கே சாப்பாட்டுக்கூடம் உண்டு, கைப்பிடி பொருத்திய குளியலறை உண்டு, அழைத்தால் வரும் செவிலியர் உண்டு. இந்த மூன்று கூட்டத்தாரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்கிறார்கள். ஆரம்ப மருத்துவத்தை வடிவமைப்பவர் முதல் இரண்டு கூட்டத்தாரை மனத்தில் வைத்தே வடிவமைக்க வேண்டும்; மூன்றாமவர் தமக்கு வேண்டியதைத் தாமே தேடிக்கொள்வார்.

அறுபது என்ற எல்லைக்கோடும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. சிறுவயது முதல் வெயிலில் குனிந்து நிமிர்ந்த பெண்ணின் முழங்காலும் முதுகெலும்பும் ஐம்பதிலேயே தேய்ந்திருக்கும். அவருக்கு முதியோர் மருத்துவம் பத்து ஆண்டு முன்னதாகத் தொடங்குவதுதான் முறை.

எண்ணிக்கை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10.4 விழுக்காடு, இந்திய அளவில் அது 8.6 விழுக்காடு. நடுவண் அரசின் மக்கள்தொகை முன்கணிப்பின்படி தமிழ்நாட்டின் பங்கு 2021-ல் 13.6, 2031-ல் 18.2 விழுக்காடு. கேரளம் மட்டுமே இதற்கு முன்னால் நிற்கிறது. 2017-18-ல் களப்பணி நடந்து 2021-ல் அறிக்கை வெளியான இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வு, நாட்டின் முதியோரில் நான்கில் மூவருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் இருப்பதைக் காட்டியது.

தமிழ்நாட்டில் மருந்து கிடைப்பதற்கும் நோய் கட்டுக்குள் இருப்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டு. 2020-ல் மாநிலத்தில் நடந்த தொற்றாநோய் ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அந்த ஆய்வு 18 முதல் 69 வயது வரையுள்ளவர்களிடம் நடந்தது. எழுபதைக் கடந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. மிகவும் தளர்ந்த வயதினர் பற்றி நம்மிடம் உள்ள அறிவு எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இந்த ஒரு வயது வரம்பே போதிய சான்று.

வரலாறு

முதியோருக்கெனத் தனி மருத்துவம் வேண்டும் என்ற எண்ணம் மருத்துவமனைக்குள்தான் பிறந்தது. 1935-ல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், தீராத நோயாளிகள் என்று படுக்கையில் விடப்பட்டிருந்த முதியோரை மருத்துவர் மார்ஜரி வாரன் ஒவ்வொருவராகச் சோதித்தார். பயிற்சி கொடுத்து எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார். முழுமையான முதியோர் மதிப்பீடு என்று இன்று அழைக்கப்படும் முறையின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் சென்னையில். பேராசிரியர் வி. எஸ். நடராசன் 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988-ல் உள்நோயாளர் பிரிவு வந்தது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. பட்டப்படிப்பு தொடங்கியது, நாட்டிலேயே அது முதலாவது. நடராசனுக்கு 2012-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளுடன் அமைந்த தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. சென்னையில் கட்டப்பட்டது பெருமைக்குரிய கோபுரம். அதன் படி தொண்டாமுத்தூர் வரை நீளுமா என்பதே கேள்வி.

அந்தப் படியைக் காகிதத்தில் வரைந்தது 2010-11-ல் தொடங்கிய தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம். மாவட்ட மருத்துவமனையில் முதியோருக்குப் பத்துப் படுக்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள் முதியோர் மருத்துவம், துணைச் சுகாதார நிலையத்திலிருந்து நடமாட முடியாதவர்களின் வீட்டுக்குச் செல்லுதல் என்று அது அடுக்கியது. அடுக்கு சரியானது. முதியவர் முதலில் சந்திப்பது தமது ஊர் நர்சம்மாவை. அங்கிருந்துதான் வழி மேலே போகவேண்டும்.

வீடு தேடி வரும் மருந்து

தமிழ்நாட்டின் தனி வலிமை மருந்து வழங்கல். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இலவச விநியோகத்துக்காக அனுப்பிவருகிறது. 2007-ல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கான முன்னோடித் திட்டம் நடந்தது. 2012-க்குப் பிறகு தொற்றாநோய்த் திட்டம் மாநிலமெங்கும் பரவியது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அடுத்த அடியை எடுத்துவைத்தது. சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரைகளைக் கையில் கொடுக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வலம்வந்து, படுக்கையில் இருப்பவர்களுக்குப் புண் துடைப்பது, குழாய் மாற்றுவது, கை கால் அசைவுப் பயிற்சி தருவது ஆகியவற்றைச் செய்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றாநோய்த் தடுப்புப் பணிக்குழுவின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

டவுன் பஸ்சுக்குக் காத்திருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல் வீடு திரும்பிய முதியவருக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அந்த அலைச்சலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுத் துணைக்குப் போகும் ஒருநாள் கூலி இழப்பும் இதனால் மிச்சம்.

இருந்தும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டதால், மாத்திரை சாப்பிடுகிறவரை மருத்துவர் பார்ப்பது குறைந்துவிடக் கூடாது. மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அது குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நினைவு மங்கும். வீட்டில் இருப்பவர்கள் “வயசாயிருச்சுங்க, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையும் மலிவான ஊசியும் போதும் என்ற இடத்தில் ஒரு மனிதர் முடங்கிப்போகிறார். மாத்திரை தரும் கைக்குப் பின்னால், ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு உடலையும் மனத்தையும் பார்க்கும் ஒரு கண் இருக்கவேண்டும். முதியோருக்கென வடிவமைக்கப்பட்ட ஆரம்ப மருத்துவத்தைப் பொது ஆரம்ப மருத்துவத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கண்தான்.

முழு மதிப்பீடு

உலக சுகாதார அமைப்பு 2017-ல் முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்பு நெறிமுறையையும் 2019-ல் அதற்கான கையேட்டையும் வெளியிட்டது. மருத்துவர் அல்லாத களப்பணியாளரே செய்யக்கூடிய எளிய சோதனைகள் அதில் உள்ளன. மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது நினைவுக்கு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது கால் வலிமைக்கு. 14 நொடிக்குள் முடியாவிட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடை தானாகக் குறைந்ததா, பசி போய்விட்டதா என்று கேட்பது ஊட்டத்துக்கு. கண்ணுக்கு ஓர் அட்டை, காதுக்கு முதுகுப்புறமாக நின்று மெல்லப் பேசும் சோதனை, மனச்சோர்வுக்கு இரண்டு கேள்விகள். ஒரு நாற்காலி, ஓர் எடைக்கருவி, கைக்கடிகாரம் இருந்தால் சாளைத் திண்ணையிலேயே இதை முடித்துவிடலாம்.

இவற்றோடு நம் ஊர் அனுபவம் சேர்க்கவேண்டியவை சில உண்டு. இரத்த அழுத்தத்தை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டுவது முதியவரைக் கீழே தள்ளும் வேலை. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால், “எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுங்க” என்று அவர் சொல்வதன் காரணம் அங்கே இருக்கிறது. விடிகாலையில் சிறுநீர் கழிக்க எழுந்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் கழிப்பறைக்கு ஈரச் சிமெண்டுத் தரையில் நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடமாடுவதே இல்லை. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வாசற்படியில் ஒரு விளக்கு, இரவு மாத்திரையின் அளவில் ஒரு திருத்தம் ஆகிய மூன்றும் அறுவைச் சிகிச்சையைவிட மதிப்புள்ளவை.

சர்க்கரையிலும் இதே கவனம் வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு வைக்கும் இலக்கை எண்பது வயதுக்காரருக்கு வைக்கக் கூடாது. தளர்ந்த முதியவருக்குச் சர்க்கரை சற்று ஏறியிருப்பதைவிடத் திடீரென்று இறங்குவதே பெரிய ஆபத்து. கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகளை முதியோருக்குத் தவிர்க்க வேண்டும் என்று மருந்துப் பட்டியல்கள் நெடுநாளாக எச்சரிக்கின்றன. பல் போய், பசி போய், இரவில் ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடும் ஆத்தாவுக்கு மாத்திரையின் அளவு அப்படியே தொடர்ந்தால், மறுநாள் காலை அவர் எழாமல் போகக்கூடும்.

அடுத்தது வலி மாத்திரை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும், அழுத்த மாத்திரையின் வேலையைக் குலைக்கும். தோட்ட வேலை செய்த உடலுக்கு வலி உண்மை. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமாகாது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, ஊன்றுகோல், வெந்நீர் ஒத்தடம், தேவைக்குப் பாராசிட்டமால் என்று இயன்முறை மருத்துவர் வழி காட்டினால், வலி மாத்திரையை விடும்படி கேட்க நமக்கும் தகுதி வரும்.

கேட்கப்படாத கேள்விகளில் முதலிடம் சிறுநீர் கசிவுக்கு. பெண்கள் அதை மருமகளிடம்கூடச் சொல்வதில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பெண் செவிலியர் தனியாக உட்கார்ந்து கேட்டால்தான் அது வெளிவரும். கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பயிற்சியாலும் மருந்தாலும் பலருக்குக் குணமாகும்.

கண்ணைப் பொறுத்தவரை கோவை கொடுத்துவைத்த ஊர். அரவிந்த், சங்கரா ஆகிய கண் மருத்துவமனைகளின் முகாம்கள் வழியே கண்புரை அறுவைச் சிகிச்சை ஏழைகளுக்கும் எட்டியிருக்கிறது. காதுக்கு அத்தகைய இயக்கம் எதுவும் எழவில்லை. காது கேளாத முதியவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவரின் மனம் சோர்கிறது, மறதியும் கூடுகிறது. 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் காதுக்கருவி, ஊன்றுகோல், பல்செட், கண்ணாடி ஆகியவை இலவசம். அதைப் பெறுவதற்கான வழியை ஆரம்ப சுகாதார நிலையமே காட்டவேண்டும்.

பள்ளத்தாக்கின் நிபந்தனைகள்

பொது அறிவுரைகள் சில இந்த மண்ணில் செல்லாது. விடிகாலையில் நடக்கச் சொல்வது எங்கும் வழக்கம். மலையடிவாரத் தோட்டங்களில் இரவு இறங்கும் யானைகள் விடியும் வரை திரிவதுண்டு. இங்கே வெயில் ஏறிய பிறகோ மாலையில் பொழுது சாயுமுன்போ நடப்பதே பாதுகாப்பு. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ், தெருப் பெயரும் கதவு எண்ணும் வழி காட்டாத தோட்டத்துச் சாளைக்கு இரவில் வந்துசேர, வழியின் அடையாளங்களை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். தனித்து வாழும் தம்பதியரின் பட்டியலும், சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரமும், பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கைபேசி எண்ணும் தன்னார்வலரின் குறிப்பேட்டில் இருந்தால் அதுவே பாதி மருத்துவம்.

பதிகளில் வாழும் இருளர் முதியோருக்கு நடமாடும் மருத்துவக் குழு வருவதே முதன்மை வழி. அங்கே சோதனையைவிட உணவு முந்தும். கேழ்வரகும் கீரையும் குறைந்து ரேஷன் அரிசியே முழு உணவான வீட்டில் புரதம் பற்றாது. கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது அவற்றை வாங்கும் காசையும் சேர்த்துப் பேசவேண்டும். 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை தகுதியுள்ள எல்லாருக்கும் கிடைக்கிறதா என்று விசாரிப்பது மருத்துவக் குழுவின் வேலையே. ஃப்ளூ, நிமோனியாத் தடுப்பூசிகள் முதியோருக்கு மிகவும் பயன்தருபவை. ஆனால் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நோக்கியது என்பதால் முதியோர் பெரும்பாலும் காசு கொடுத்தே போட்டுக்கொள்கிறார்கள்.

பிற இடங்கள்

வாளையாறு தாண்டினால் கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்து மக்களையே பயிற்றுவித்துப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் வலையாக வளர்ந்தது; 2008-ல் அம்மாநில அரசு அதைக் கொள்கையாக ஏற்றது. சம்பளப் பணியாளரின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதால், கொங்கு நாட்டு ஊர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அக்கம்பக்கத்து உழைப்பை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சீனர் குடியிருப்பில் 1971-ல் உருவான ஆன் லோக் அமைப்பு, முதியோர் இல்லத்துக்கு அனுப்பாமல், பகலில் ஒரு நிலையத்துக்கு அழைத்துவந்து மருத்துவம், உணவு, பயிற்சி எல்லாம் கொடுத்து மாலையில் வீட்டில் கொண்டுவிடும் முறையைக் காட்டியது. அந்த அளவுக்குப் பணம் இங்கே இல்லை. ஆனால் பகல்நேர நிலையம் என்ற எண்ணத்துக்கு நம் ஊர்களில் சமுதாயக்கூடமும் கோயில் மண்டபமும் இருக்கின்றன.

பராமரிப்பவர்

முதியவரைக் கவனிப்பவரும் பெரும்பாலும் முதியவரே. எழுபத்தைந்து வயதுக் கணவரைத் தூக்கி உட்காரவைப்பவர் எழுபது வயது மனைவி; மாமியாரைக் குளிப்பாட்டும் மருமகளுக்கே ஐம்பது கடந்து சர்க்கரையும் இருக்கும். நோயாளிக்கு மட்டும் அழுத்தம் பார்த்துவிட்டுத் திரும்பும் பணியாளர், அருகில் நிற்கும் அந்தப் பெண்ணின் கையிலும் பட்டையைக் கட்டிப் பார்க்கவேண்டும். அவர் விழுந்துவிட்டால் இருவருமே மருத்துவமனைக்குப் போவார்கள்.

இன்றைய நிலையில் தொண்டாமுத்தூர் போன்ற வட்டாரத்தில் மருந்து, தன்னார்வலர், செவிலியர், இயன்முறை மருத்துவர், நகரின் பெரியாஸ்பத்திரி என உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை ஒரு முதியவரின் பெயரில் ஒன்றுசேர்க்கும் ஆண்டு மதிப்பீடும், அதற்கென ஒதுக்கிய நேரமும்தான் இனி உறுதிப்பட வேண்டியவை. பெரிய கட்டடம் வேண்டாம்; கூட்டமில்லாத ஒரு பிற்பகலும், ஒருவருக்கு அரைமணி நேரமும், அவரைப் பற்றிய ஒரே கோப்பும் போதும்.

குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெரியவரை அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகும்போது, அரசு கொடுத்தது, தனியார் மருத்துவர் எழுதியது, மெடிக்கலில் வாங்கியது, நாட்டு மருந்து என வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன் கொட்டி, எதை நிறுத்தலாம் என்று முதலில் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் வரை எழுந்திருக்காதீர்கள். ஆதரவற்ற முதியோருக்கும் உதவி தேவைப்படும் முதியோருக்குமான நாடளாவிய இலவச உதவி எண்: 14567.